குளிர்விப்பது வேறு, உலர்த்துவது வேறு: ஈரம் பிடிக்கும் பூச்சுப் பூசிய வெப்பமாற்றிகள்

மார்கழி மாதத்தில் மட்டக்களப்பில் ஏசி போட்ட அறை ஒன்றில் இருந்து பாருங்கள். குளிர் இருக்கும், சுகம் இருக்காது. தோல் பிசுபிசுக்கும், மேசையில் கிடக்கும் கடதாசி தொய்ந்து போயிருக்கும், அலுமாரிக்குள் வைத்த சப்பாத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஆடி மாதம் வந்தால் கதை வேறு. மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு இறங்கி வரும் கச்சான் காற்று வீசும் நாட்களில் அதே அறைக்கு 27 பாகையே போதும். மாரிக்கும் கச்சானுக்கும் இடையில் இந்தச் சுகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமல்ல; காற்றுக்குள் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதுதான் பெரிய விடயம்.

காற்றைக் குளிர்விப்பதும் காற்றை உலர்த்துவதும் இரண்டு தனி வேலைகள். நம் வீட்டு ஏசி இரண்டையும் ஒரே குளிரால் செய்யப் பார்க்கிறது. இந்த இரண்டையும் பிரித்துச் செய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. காற்றுக்கும் குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்கும் இடையே வெப்பத்தைக் கைமாற்றும் வெப்பமாற்றியின் அலுமினியத் தகடுகள் மேல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள் ஒன்றை மெல்லிய பூச்சாகப் பூசிவிடுவதுதான் அது. நம்மைப் போல ஈரம் மிகுந்த கரையோரத்தில் வாழ்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பௌதிகவியல் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், அது இல்லாமல் முடியாது.

30 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவு நீராவியை வைத்திருக்கும். அந்த அதிகபட்சத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் இருக்கிறது என்பதே சாரீரப்பதன். நம் வெளிக்காற்றில் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 24 கிராம். உள்ளே நமக்கு வேண்டியது ஏறத்தாழ 25 பாகை, 55 சதவீதம். அந்தக் காற்றில் இருப்பது 13 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆக, வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கன மீற்றர் காற்றிலிருந்தும் 11, 12 கிராம் நீரைக் கழற்ற வேண்டும். 30 பேர் இருக்கும் ஒரு வகுப்பறைக்கு, ஆளுக்கு மணிக்கு 25 கன மீற்றர் புதுக்காற்று கொடுத்தால், மணிக்கு எட்டு லீற்றருக்கு மேல் தண்ணீர் எடுக்க வேண்டிவரும். மூச்சிலும் வியர்வையிலும் வருவது அதற்கு மேலதிகம்.

இப்போது சக்தியைப் பாருங்கள். அந்த ஒரு கன மீற்றர் காற்றை 30 பாகையிலிருந்து 25 பாகைக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 6 கிலோயூல் வெப்பத்தை எடுத்தால் போதும். ஆனால் அதிலுள்ள மிகை நீராவியைத் தண்ணீராக்க 28 கிலோயூல் எடுக்க வேண்டும், ஏனென்றால் நீராவி தண்ணீராகும்போது கிராமுக்கு 2.4 கிலோயூல் அளவு மறைவெப்பம் வெளிவருகிறது. வெளிக்காற்றைப் பொறுத்தவரை உலர்த்தும் வேலை குளிர்விக்கும் வேலையைவிட நாலரை மடங்கு பெரியது! ஏசி என்றால் குளிர் என்றுதான் நாம் நினைக்கிறோம். நம் கரையில் அதன் பாரமான வேலை தண்ணீர் எடுப்பதுதான்.

சாதாரண ஏசி தண்ணீரை எப்படி எடுக்கிறது? காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதிலுள்ள நீராவி துளியாக ஒதுங்கத் தொடங்கும். அதுதான் பனிபடுநிலை. நாம் விரும்பும் 25 பாகை, 55 சதவீதக் காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 15 பாகை. அந்த அளவுக்குக் காற்றை உலர்த்த வேண்டுமென்றால் கொயில், அதாவது காற்று பட்டுப்போகும் குளிர்ந்த குழாய்த் தொகுதி, 15க்கும் நன்றாகக் கீழே இருக்க வேண்டும், அதனால்தான் பெரிய கட்டடங்களில் கொயிலுக்கு 7 பாகை அளவில் தண்ணீர் அனுப்புகிறார்கள். அறையைக் குளிர்விக்க மட்டும் என்றால் 16, 18 பாகைத் தண்ணீரே போதும். அந்த மேலதிகக் குளிர் முழுவதும் ஈரத்துக்காகத்தான். ஏசிக் குழாய்க்குள் ஓடிக் குளிரைத் தரும் குளிர்வாயு ஆவியாகும் வெப்பநிலையை ஒரு பாகை கீழே தள்ளினால் மின்செலவு ஏறத்தாழ 2 அல்லது 3 சதவீதம் கூடும். பத்துப் பாகை தள்ளினால் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். 2022க்குப் பிறகு வரும் கரண்ட் பில்லைக் கையில் வைத்திருக்கும் எவருக்கும் இது சின்ன விடயமில்லை.

மார்கழியில் ஏசி அறை ஏன் நசநசக்கிறது என்பதும் இங்கேதான் விளங்கும். ஏசியைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வெப்பநிலையை மட்டும்தான் பார்க்கிறது. வாடைக் காலத்தில் வெளியே 27 பாகை, சாரீரப்பதன் 85 என்று வைத்துக்கொள்வோம். 25இல் வைத்த ஏசி கொஞ்ச நேரம் ஓடியதும் வெப்பநிலை சரி என்று கம்பிரசரை நிறுத்திவிடும். குளிர்விக்கும் வேலை முடிந்துவிட்டது, உலர்த்தும் வேலை அப்படியே நிற்கிறது. அதைவிட, கொயிலில் மிச்சமிருந்த ஈரமும் ஃபேன் காற்றோடு திரும்ப அறைக்குள் வந்துவிடும். 20இல் வைத்தால் ஈரம் குறையும்தான், ஆனால் உள்ளே இருப்பவர்கள் போர்வை தேட வேண்டும்.

சரி, குளிரே இல்லாமல் ஈரத்தை எடுக்க முடியுமா? முடியும். புதிதாக வாங்கும் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கும் சின்னப் பொட்டலம் அதைத்தான் செய்கிறது. அதில் இருப்பது சிலிக்கா ஜெல், மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே சிலிக்காதான், ஆனால் உள்ளே முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஒரு கிராமுக்குள் இருக்கும் துளைச் சுவர்களின் பரப்பு 600, 700 சதுர மீற்றர் வரும், அதாவது 25 பேர்ச் அளவு. நீராவி மூலக்கூறுகள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. நல்ல ஈரக்காற்றில் சிலிக்கா ஜெல் தன் நிறையில் மூன்றிலொரு பங்கு அளவுக்குத் தண்ணீரைப் பிடிக்கும், அப்போதும் தொட்டால் உலர்ந்தே இருக்கும்.

இங்கே ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. சிலிக்கா ஜெல் எவ்வளவு நீரைப் பிடிக்கும் என்பது பெரும்பாலும் அதன் பரப்பை ஒட்டிய காற்றின் சாரீரப்பதனைப் பொறுத்தது. பரப்பு குளிர்ந்தால் அங்கே சாரீரப்பதன் ஏறும், அது நீரைப் பிடிக்கும். பரப்பு சூடானால் சாரீரப்பதன் இறங்கும், பிடித்ததை விட்டுவிடும். குளிர்ந்தால் பிடி, சூடானால் விடு. அதனால் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இந்த விதியை வைத்துப் பல காலமாகத் தொழிற்சாலைகளில் ஓடுவது ஈரமுறிஞ்சிச் சக்கரம். தேன்கூடு மாதிரித் துளைகள் கொண்ட பெரிய வட்டச் சக்கரம், அதில் சிலிக்கா ஜெல். அது மெதுவாகச் சுழலும். ஒரு பக்கத்தால் நமக்கு வேண்டிய காற்று போய் உலர்ந்து வரும், மறுபக்கத்தால் சூடான காற்று போய்ப் பிடித்த ஈரத்தை வெளியே தள்ளும். மாத்திரை செய்யும் இடங்கள், களஞ்சியங்கள் என்று பல இடங்களில் நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. நீராவி ஒட்டிக்கொள்ளும்போது மறைவெப்பத்தை விடச் சற்று அதிகமான வெப்பம் வெளிவரும். ஒரு கிலோ காற்றிலிருந்து 5 கிராம் நீரை எடுத்தால் அந்தக் காற்று 12 பாகைக்கு மேல் சூடாகும். 30 பாகையில் போனது 42 பாகையில் வரும். அதை மறுபடி குளிர்விக்க வேண்டும். அதுமட்டுமல்ல, மேலே சொன்ன விதியை நினைத்துப் பாருங்கள்: சூடானால் விடு. ஈரத்தைப் பிடிக்கும் அந்தச் செயலே சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி, மேற்கொண்டு பிடிக்கவிடாமல் தடுக்கிறது. பிறகு, பிடித்ததை வெளியேற்ற 80, 100 பாகை என்று உயர்ந்த சூடு தேவைப்படுகிறது. அந்தச் சூட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் மிச்சப்படுத்திய சக்தி எல்லாம் போய்விடும்.

பூச்சுப் பூசிய வெப்பமாற்றி பிறந்தது இந்த இடத்தில்தான். எனக்கு இதில் மிகப் பிடித்ததும் இந்த இடம்தான், ஏனென்றால் தீர்வு அவ்வளவு நேரானது. சூடு பிறக்கும் இடத்திலேயே அதை எடுத்துவிட வேண்டும். ஏசிக்குள் இருப்பது போன்ற சாதாரண வெப்பமாற்றியை எடுங்கள்: செப்புக் குழாய்கள், அவற்றில் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள். அந்தத் தகடுகள் மேல் சிலிக்கா ஜெல்லைப் பூசிவிடுங்கள். குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடட்டும், தகடுகளுக்கு நடுவே ஈரக்காற்று போகட்டும். நீராவி பூச்சில் ஒட்டும், வரும் வெப்பம் அலுமினியம் வழியே குழாய்க்குப் போய்த் தண்ணீரோடு ஓடிவிடும். பூச்சு சூடாகாது, தொடர்ந்து பிடிக்கும். காற்றும் சூடாகாது.

அந்தத் தண்ணீர் 7 பாகையில் இருக்கத் தேவையில்லை என்பதுதான் சிறப்பு. 30 பாகை, 80 சதவீத வெளிக்காற்றின் பனிபடுநிலை 26 பாகை. வெறும் கொயிலுக்குள் 28 பாகைத் தண்ணீரை விட்டால் ஒரு துளிகூட ஒதுங்காது. பூச்சுள்ள கொயிலுக்குள் அதே 28 பாகைத் தண்ணீரை விட்டாலும் ஈரம் பிடிபடும், பனிபடுநிலைக்கு மேலே இருந்துகொண்டே! 20 பாகைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

சில நிமிடங்களில் பூச்சு நிறைந்துவிடும். அப்போது குழாய்க்குள் போகும் தண்ணீரைச் சுடுநீராக மாற்ற வேண்டும். 50, 60 பாகை போதும், ஏனென்றால் சூடு நேரே பூச்சின் அடியிலிருந்து வருகிறது. வேறொரு காற்றோட்டம் வெளிவரும் ஈரத்தை அள்ளிக்கொண்டு வெளியே போகும். பிறகு மறுபடி குளிர்நீர். அறைக்கு இடைவிடாமல் உலர்ந்த காற்று வேண்டும் என்பதால் இரண்டு வெப்பமாற்றிகளை வைப்பார்கள். ஒன்று பிடிக்கும்போது மற்றது விடும், ஐந்து நிமிடம் போல ஓடியதும் இரண்டும் இடம் மாறும். வால்வுகளும் காற்று வழியை மாற்றும் தட்டிகளும் இதைத் தாமாகச் செய்யும்.

எவ்வளவு தண்ணீர் எடுக்க முடியும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஒரு வெப்பமாற்றியின் தகடுகளின் மொத்தப் பரப்பு 10 சதுர மீற்றர், பூச்சின் தடிப்பு 0.2 மில்லிமீற்றர் என்றால், அதில் ஒட்டியிருக்கும் சிலிக்கா ஜெல் ஒன்றரைக் கிலோ அளவில் வரும். ஒவ்வொரு சுற்றிலும் அது தன் நிறையில் 10 சதவீத நீரைப் பிடித்து விட்டால், 150 கிராம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 12 சுற்று, ஆக 1.8 லீற்றர். முன்னே சொன்ன வகுப்பறைக்கு இதைப் போல நாலைந்து மடங்கு பரப்பு வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது.

அப்படியானால் பூச்சை இரண்டு மில்லிமீற்றர் தடிப்பாகப் பூசிவிடலாமே என்று கேட்கலாம். சம்மாந்துறைப் பக்கம் தெருவோரத்தில் நெல் காயப்போடுகிறவர்களிடம் கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். மெல்லியதாகப் பரப்பினால் பொழுதுக்குள் காய்ந்துவிடும், குவியலாக விட்டால் மேல்நெல் காய்ந்து அடிநெல் புழுங்கும். பூச்சிலும் நீராவி உள்ளே போய்ச் சேர நேரம் எடுக்கும். வெப்பமும் அப்படித்தான்: அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சிலிக்கா ஜெல் வெப்பத்தை ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. தடித்த பூச்சு ஒரு போர்வையாகி, தகட்டுக்கும் காற்றுக்கும் நடுவே நின்றுவிடும். தகடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் அடைத்து ஃபேனுக்குப் பாரம் கூட்டும். மிகவும் மெல்லியதாகப் போனால் வேறு நட்டம். ஒவ்வொரு முறை மாறும்போதும் செம்பையும் அலுமினியத்தையும் உள்ளே நிற்கும் தண்ணீரையும் சூடாக்கிக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது, அந்தச் சக்தி ஒரு துளி ஈரத்தையும் எடுக்காது. பூச்சு குறைவாக இருந்தால் அந்தச் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்காது. மாறிய உடனே வரும் காற்றும் கொஞ்ச நேரம் சூடாகவே இருக்கும்.

பூசுவதே தனிக் கலை. தூளாக்கிய சிலிக்கா ஜெல்லை ஒரு பசையோடு கலந்து, வெப்பமாற்றியை அதில் முக்கியெடுத்து, மிகுதியை ஊதித் தள்ளி, சூட்டில் காயவைப்பார்கள். பசை கூடினால் நுண்துளைகளின் வாய் அடைபடும், குறைந்தால் பூச்சு வெடித்து உதிரும். உலோகம் சூட்டில் விரிவது ஒரு மாதிரி, பூச்சு விரிவது வேறு மாதிரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் ஒரு வருடத்தில் ஒரு லட்சம் தடவைக்கு மேல். அத்தனை தடவையும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் பார்வையில் இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான பரீட்சை எவ்வளவு ஈரம் பிடிக்கிறது என்பதில் இல்லை, எத்தனை வருடம் உதிராமல் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

சிலிக்கா ஜெல்லை விட அதிகம் பிடிக்கும் பொருட்களும் உண்டு. லிதியம் குளோரைட், கல்சியம் குளோரைட் போன்ற உப்புகள் நிறைய நீரை இழுக்கும். மாரியில் குசினி உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண உப்பு 75 சதவீதச் சாரீரப்பதனைத் தாண்டியதும் கரையத் தொடங்கும். லிதியம் குளோரைட்டுக்கு 11 சதவீதமே போதும். நம் ஊர்க் காற்றில் அது நிச்சயம் உப்புநீராகி வழியும், அலுமினியத்தை அரிக்கும். அதனால் அதைத் தனியாகப் பூசாமல் சிலிக்கா ஜெல்லின் துளைகளுக்குள் கொஞ்சமாக அடைத்து வைக்கிறார்கள். ஷாங்காய் ஜியாவோ தொங் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட கலப்புப் பூச்சுகள் பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. ஏற்கெனவே கடல் உப்பில் தகடு அரித்துப்போகும் கல்லடி, காத்தான்குடி, கல்முனைக் கரையில், உப்புச் சேர்த்த பூச்சைத் தேர்ந்தெடுக்க நான் தயங்குவேன்.

அடுத்தது உலோகக் கரிமச் சட்டகங்கள். உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, வேண்டிய அளவில் துளைகள் வரும்படி கட்டும் பளிங்குகள் இவை. இதற்காகத்தான் சுசுமு கிட்டகாவா, ரிச்சர்ட் ரொப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இவற்றின் குணம் சிலிக்கா ஜெல்லிலிருந்து வேறுபட்டது. ஒரு குறிப்பிட்ட சாரீரப்பதன் வரும்வரை பேசாமல் இருந்துவிட்டு, அதைத் தாண்டியதும் சட்டென்று நிறைய நீரைப் பிடிக்கும். அதேபோல, கொஞ்சம் சூடாக்கினால் சட்டென்று விட்டுவிடும். அலுமினியம் ஃபியூமரேட் என்ற சட்டகம் 60, 70 பாகையிலேயே நீரை விடக்கூடியது. விலைதான் இன்னும் கைக்கு எட்டவில்லை.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். ஈரத்தை விடுவிக்கும் நேரத்தில் பூச்சின் மேல் எந்தக் காற்றை ஓடவிடுகிறோம் என்பது முக்கியம். உலர்ந்த நாட்டுக்காரர்கள் வெளிக்காற்றை எடுத்தால் போதும். இங்கே 30 பாகை, 80 சதவீத வெளிக்காற்றை 50 பாகைக்குச் சூடாக்கினாலும் அதன் சாரீரப்பதன் 27 சதவீதத்துக்குத்தான் இறங்கும், பூச்சு முழுதாகக் காயாது. மாறாக, அறையிலிருந்து வெளியேறும் பழைய காற்றை அதே 50 பாகைக்குச் சூடாக்கினால் 14 சதவீதத்துக்கு இறங்கும். எப்படியும் வெளியே விடப்போகும் காற்று அது. மட்டக்களப்பில் யாராவது இதை அமைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் காற்று வழியைத்தான். வெளிநாட்டு அட்டவணையில் 50 பாகை போதும் என்று இருந்தால் அது எந்தக் காற்றுக்கு என்று கேளுங்கள்.

சூடு எங்கிருந்து வரும்? வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் சூரியத் தகடு 60 பாகைச் சுடுநீரைச் சுலபமாகத் தரும். சித்திரை, வைகாசியில், வெயிலும் கடலோர ஈரமும் ஒன்றாக வரும் நாட்களில், அது மிகவும் பொருத்தம். ஆனால் ஈரம் உச்சத்தில் இருக்கும் கார்த்திகை, மார்கழியில் வானம் மூடிக்கிடக்கும், சூரியத் தகடு கைகொடுக்காது. அந்தக் காலத்துக்கு நம்பக்கூடியது ஏசியின் சூடேதான். ஏசியின் வெளிப்பெட்டி சதா வெப்பத்தை வெளியே வீசிக்கொண்டிருக்கிறது. குளிர்வாயு ஓடும் இரண்டு கொயில்களிலுமே பூச்சைப் பூசிவிட்டால், குளிரும் கொயில் ஈரத்தைப் பிடிக்கும், சூடாகும் கொயில் ஈரத்தை விடும், ஒரு வால்வு சில நிமிடத்துக்கு ஒருமுறை வாயு ஓடும் திசையைத் திருப்பிவிட இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். தனியாகச் சுடுநீர் தேவையில்லை. ஜப்பானின் டைக்கின் நிறுவனம் டெசிக்கா என்ற பெயரில் இப்படியொரு இயந்திரத்தை விற்பனைக்கே கொண்டுவந்தது.

வீட்டுப் படுக்கையறைக்கு இது இன்றைக்குச் சரிவராது. இரண்டு கொயில், வால்வுகள், தட்டிகள் என்று செலவு கூடும், பூச்சைக் காக்கத் தூசி வடிகட்டியை ஒழுங்காகக் கழுவ வேண்டும், பழுதானால் பார்க்க ஆள் இல்லை. பாசிக்குடா ஹோட்டல்கள் போல நிறையப் புதுக்காற்றும் சுடுநீரும் சேர்ந்து தேவைப்படும் இடங்கள், வைத்தியசாலை மருந்துக் களஞ்சியங்கள், பழைய தாள்களைக் காக்க வேண்டிய நூலகங்கள் இதற்கு ஏற்றவை.

ஆனால் நான் ஆசையோடு பார்க்க விரும்புவது வேறொரு இடத்தில். நெல்லைக் கெடாமல் வைக்க அதன் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பெரும்போக அறுவடை நேரத்தில் மழை விடாமல் நின்று சாரீரப்பதன் 85இல் இருந்தால், நெல் எவ்வளவு நேரம் காற்றாடக் கிடந்தாலும் அந்த 14க்கு இறங்காது, ஏனென்றால் காற்றே அதைவிட ஈரமாக இருக்கிறது. அதிகமாகச் சூடாக்கி உலர்த்தினால் விதைநெல்லின் முளைதிறன் கெடும். விதைநெல்லுக்கு வேண்டியது சூடில்லாத உலர்ந்த காற்று. அம்பாறை மாவட்டத்தில் நெல் அவிக்கும் ஆலைகளில் உமி எரித்து நீராவி எடுக்கிறார்கள், அதில் பெரும் பங்கு வெப்பம் புகைபோக்கியால் போய்விடுகிறது. அந்த வெப்பத்தில் கொஞ்சத்தை 60 பாகைச் சுடுநீராக மாற்றினாலே பூச்சுள்ள வெப்பமாற்றி ஒரு சோடியை மழைநாளிலும் ஓட்டலாம், குளிர்விக்கும் பக்கத்துக்குக் கிணற்று நீரே போதும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. ஒரு சின்ன விதைக் களஞ்சியத்தில், தை மாத மழையில், மணிக்கு எத்தனை லீற்றர் ஈரம் வெளியேறுகிறது, அதற்கு எவ்வளவு சுடுநீர் செலவாகிறது என்று அளந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் எது?